யானை வேலிக்காகக் குரல் தந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் இருந்து எழுதுகிறேன். பழுதாய்க் கிடக்கும் யானை வேலியைத் திருத்தித் தரச் சொல்லி இணையத்தில் நாங்கள் நடத்திய பிரசாரத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். வேலை தொடங்கிவிட்டது. பாதிகூட முடியவில்லை என்பது வேறு கதை. அதற்காக நன்றியைக் கடன் வைக்க மனமில்லை.

முதலில் அம்மம்மா. வேளாண்மைக் காவலுக்குப் போன கணவரைத் தனியன் யானை அடித்ததை நீங்கள் உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். முகம் காட்ட விருப்பமில்லை என்றீர்கள். சரி, குரல் போதும் என்றோம். வெளியிடுமுன் உங்களுக்கே போட்டுக் காட்டியபோது, "இந்த இடம் வேணாம் கா, அழிச்சிரு" என்றீர்கள். மகனைப் பற்றிச் சொன்ன இடம் அது. அழித்துவிட்டோம். மீதிக் குரலுக்குப் படமாக வந்தது அவர் காவலுக்குக் கொண்டுபோகும் ரோச் லைட் மட்டும்தான். யானை அடித்து யாராவது இறந்தால் உடலைப் படமெடுத்துப் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. லைக் குவியும், இரண்டு நாளில் ஊர் மறக்கும், வீட்டார் மட்டும் அந்தப் படத்தோடு வாழவேண்டும். எங்கள் பதிவுகளில் அப்படி ஒன்றும் இருக்கக்கூடாது என்று கடைசிவரை அடம்பிடித்த தங்கச்சிக்கும் சேர்த்து நன்றி.

அடுத்தது வேலிக் கம்பியருகே குந்தியிருந்து விளக்கம் சொன்ன பெரியப்பா. கம்பியில் விட்டு விட்டுப் பாயும் மின்சாரம் யானையைக் கொல்லாது, அதிர வைத்து விரட்டும். ஆனால் ஒரு கொடி படர்ந்து கம்பியைத் தொட்டாலே அந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும். புல்லும் கொடியும் மூடிய வேலி வெறும் கம்பிதான். யானையும் அதைக் கண்டுபிடித்துவிடும். தூணை மிதித்துச் சரிக்கும், இல்லையென்றால் மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் விழுத்தும். "வேலி போட்டாப் போதுமா, அதைப் பாக்க ஆள் வேணாமா?" என்று நீங்கள் கேட்டதையே கோரிக்கையாக வைத்தோம். ஹேஷ்டேக் ஒரு மாலை ஓடி அடங்கியது. அந்தச் சின்ன வீடியோ இன்னும் குறூப்புகளில் சுற்றுகிறது.

தகவல் கோரி விண்ணப்பம் எழுதிய தம்பிமாருக்கும் நன்றி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கொடி வெட்டுவது யார் பொறுப்பு, கடைசியாக எப்போது வெட்டினார்கள்: இந்த இரண்டைத்தான் கேட்டீர்கள். சம்பந்தப்பட்ட அலுவலகம் இழுத்தடித்தது. ஆனால் கதையைக் கேட்டு இரங்கியவர்களுக்கு, அடுத்து எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. இரக்கம் மட்டும் இருந்திருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

காத்தான்குடி நானா, எங்கள் ஊரின் பழைய மனுக்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. போனில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். உங்கள் பிரிண்ட் கடை வேலையை ஒதுக்கிவைத்து அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றித் தந்தீர்கள். காசும் வாங்கவில்லை.

சிங்கள உபதலைப்பு போட்ட அம்பாறை அக்கா, உங்களால்தான் மகா ஓயாப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் வயலைப் படமெடுத்து அனுப்பினார். அங்கேயும் அதே கொடி, அதே சரிந்த தூண். அதற்குப் பிறகு இதை ஒரு இனத்தின் முறைப்பாடாக யாரும் ஒதுக்க முடியவில்லை.

2024இல், பொய்யான இணையப் பதிவுகளுக்குத் தண்டனை தரும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின் பகிரவே பயந்தவர்கள் பலர். ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்த சட்டத்தரணி அண்ணனுக்கும், படங்களில் ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கித் தந்த தம்பிக்கும் நன்றி. வட்ஸ்அப்பில் டொக்கியுமெண்டாக அனுப்பினால் அந்தத் தகவலும் படத்தோடு அப்படியே சேர்ந்து போகும். சாட்சி சொன்னவரின் வீட்டு வாசல்வரை வழி காட்டும் விஷயம் இது. புதிதாகப் பிரசாரம் தொடங்குகிறவர்கள் கவனியுங்கள்.

மூலப் பதிவுகள் சொன்னவர்களின் குடும்பத்திடமே இருக்கின்றன. எடுத்துப் பாவிக்க விரும்பினால் அவர்களைக் கேளுங்கள். சோகப் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டவேண்டாம்.

மாரி வேளாண்மைக் காவல் தொடங்கமுன் கொடி வெட்டப் போகிறோம். அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திகதியைக் குறூப்பில் போடுவோம். வரக்கூடியவர்கள் கத்தியோடு வாருங்கள், தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பதிவுகளைத் தொகுத்தவள்,
படுவான்கரை, மட்டக்களப்பு