புதிதாவது தட்டுகள்தாம், செல்கள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பகுதியில், கண்ணில் ஒளியை உணரும் செல்கள் பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாகப் பிறக்கின்றன என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் பதறியது. அதை நம்பி யாரும் கண் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

பத்து நாள் கணக்கு ஏறக்குறையச் சரிதான். ஆனால் புதிதாவது செல் அல்ல, அதன் நுனிப்பகுதி. விழித்திரையில் மங்கிய ஒளியிலும் பார்க்க உதவும் கோல் செல் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒளியைப் பிடிக்கும் நிறமி அவற்றில்தான் இருக்கிறது. டால்பூரிக்காரர் பருப்பு ரொட்டிகளைத் துணிக்குள் அடுக்கி வைத்திருப்பாரே, அப்படித்தான் அந்தத் தட்டுகளின் அடுக்கும். அடியில் புதுத் தட்டு சேரச் சேரப் பழையது நுனிக்கு நகர்ந்து உதிர்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் யங், கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலங்களை எலிக்கும் தவளைக்கும் செலுத்தி, இந்த நகர்வை 1967இல் காட்டினார்.

உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது பக்கத்திலேயே இருக்கும் நிறமிப் படலம். அதை 1969இல் யங்கும் டீன் பாக்கும் கண்டார்கள். படலத்தின் ஒரு செல் சுமார் 30 ஒளியுணர் செல்களின் கழிவை அள்ளுகிறது, அதுவும் தினமும், ஆயுள் முழுக்க. எலிகளில் கோல் செல்கள் மிகுதியாக உதிர்ப்பது காலை வெளிச்சம் வந்த சற்று நேரத்தில் என்று 1976இல் மாத்யூ லவேய்ல் எழுதினார். விடிந்ததும் வாசல் பெருக்கித் தெளிக்கிற வீடுதான் என் நினைவுக்கு வந்தது.

பெருக்குவது நின்றால் என்ன ஆகும்? மரபுக் கோளாறால் அந்தப் படலம் விழுங்க முடியாத ஆய்வக எலிகள் உண்டு. கழிவு குவிந்து, ஒளியுணர் செல்கள் மடிந்து, அந்த எலிகள் குருடாகின்றன. அதே மரபணு பழுதானால் மனிதருக்கும் பார்வை போகும் என்று 2000இல் தெரியவந்தது.

இவ்வளவு உழைக்கும் படலச் செல்கள் நாம் வளர்ந்த பிறகு பெருகுவதில்லை என்றே சொல்லலாம். செரிக்காத மிச்சம் வருடா வருடம் அவற்றுக்குள் தேங்குகிறது. முதுமையில் மாக்குலா, அதாவது கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி, சிதைவதற்கு இந்தப் படலம் நலிவதும் ஒரு காரணம். புகைப்பழக்கம் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மடிந்த ஒளியுணர் செல் சில மீன்களுக்குத் திரும்ப முளைக்கும். மனிதருக்கு முளைக்காது.

ரோஸ் ஹில்லில் எங்களோடு இருக்கும் என் மாமியார், ஒரு காவடித் திருநாளுக்கு முன், கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றார்கள். கண் களைத்திருக்கும், தூங்கி எழுந்தால் தெளியும் என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். மாதங்கள் போய்விட்டன. டாக்டர் பார்த்தபோது மாக்குலாவுக்கு அடியில் ரத்தக் குழாய் கசிந்து வடு விழுந்திருந்தது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போட்டுப் பார்வையைக் காக்க முயன்றிருக்கலாம் என்றார். இன்று அத்தை பேரனைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.

பாரதியார் பெயரைக் கண் மருத்துவமனைக்கே சூட்டிய நாடு நம்முடையது. நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால் அந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள் என்று ஒரு வரி சேர்த்து, கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் உங்கள் இதழை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்