ராம்கரில் நீங்கள் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள தோழிக்கு,

ஏப்ரல் 19 அன்று உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்து, எழுதாமலேயே விட்டிருக்கிறேன். நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையை இன்று வெளியிடுகிறேன். உங்கள் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். பலர் படிக்கும் இடத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஜார்கண்டில் உள்ள ராம்கர் சீனக் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ வாங்கி வந்தவன் நான். நீங்கள் அதைத் தொடவே இல்லை. பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு கல்லறையின் தலைமாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினீர்கள். "தாத்தா சண்டையைப் பற்றிப் பேசமாட்டார், தாகத்தைப் பற்றித்தான் பேசுவார்" என்றீர்கள். 1942 ஏப்ரலில், பர்மாவின் யெனாஞ்சாங் எண்ணெய் வயல்களில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் பர்மா டிவிஷன் குடிநீரின்றித் தவித்தபோது, சீனத் தளபதி சுன் லிரெனின் புதிய 38ஆம் டிவிஷனைச் சேர்ந்த 113ஆம் ரெஜிமென்ட், ஆயிரத்துச் சொச்சம் பேரோடு பின் சவுங் ஓடைப் பக்கமிருந்து தாக்கி வழி திறந்ததை நான் வரைபடத்து அம்புக்குறியாகவே அறிந்திருந்தேன். அந்த ஓடையில் தண்ணீர் இருந்தது என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது.

கட்டுரையை நிறுத்தி வைத்தது கோழைத்தனம்தான், மன்னியுங்கள். ஆனால் 2020 ஜூனில், லடாக் எல்லையின் கல்வானில் இந்திய, சீன வீரர்கள் மடிந்த அந்த வாரத்தில், சீனச் சிப்பாய்கள் அன்றைய பீகாரிலிருந்த ராம்கரில் பயிற்சி பெற்று ஜப்பானை எதிர்க்கப் போன கதையை யார் நிதானமாகப் படித்திருப்பார்கள்? என் குடும்பத்திலும் ஒருவர் அப்போது எல்லையில் இருந்தார். எப்படி இருக்கிறார் என்று நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் சொன்னீர்களா? தாத்தா கிராமத்துப் பள்ளி ஆசிரியர் என்று மட்டுமே என்னிடம் மூன்று ஆண்டுகள் சொல்லிவந்தீர்கள். பின்னர் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமிண்டாங் கட்சியின் படையில் அவர் இருந்ததை உங்கள் வீட்டில் ஏன் மறைக்க நேர்ந்தது என்பது இப்போது புரிகிறது. தைவானுக்குப் போன சுன் லிரெனுக்கே 1955 முதல் 1988 வரை வீட்டுக்காவல்தான் கிடைத்தது. சீனாவில் ஊரிலேயே தங்கிவிட்ட உங்கள் தாத்தா என்ன பட்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பர்மாவிலிருந்து மேற்கே நடந்து, கட்டுக்குலையாமல் இம்பால் பக்கம் வந்து சேர்ந்த சுன் லிரெனின் வீரர்களை, கட்டுரையின் முதல் பிரதியில் நான் 'அகதிகள்' என்று எழுதியிருந்தேன். நீங்கள் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினீர்கள். நான் பிடிவாதமாக அதைத் திரும்பவும் சேர்த்தேன். இன்று வெளியாகும் பிரதியில் அவ்விடத்தில் 'படை' என்றே இருக்கிறது.