மேகமலை வௌவாலுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சலீம் அலி பழந்தின்னி வௌவால் கணக்கெடுப்பு நல்லபடியாக முடிந்தது. கூட வந்து உழைத்தவர்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோமோ, அதே அளவு சிலவற்றைச் செய்யாமல் விட்டுக்கொடுத்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். குகைப் பக்கம் போகாமல் இருந்தீர்கள், புகை போடவில்லை, அத்தியை வெட்டவில்லை.

இந்த வௌவால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மேகமலை, பெரியாறு, களக்காடு முண்டந்துறைக் காடுகளில் பதிவாகியிருக்கிறது. 1948-ல் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் பிடித்த வௌவாலின் மாதிரி உடல், குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற தவறான பெயரோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. அது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினம் என்று தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா 1972-ல்தான் எழுதினார்.

அந்தத் தவறு இன்றும் எளிதில் நேரும். சலீம் அலி வௌவாலின் முன்னங்கை நீளம் ஏறக்குறைய 65 முதல் 70 மில்லிமீட்டர். குட்டைமூக்கு வௌவாலும் அதே அளவில் வரும். அதனால் நீளம் அளக்கும் காலிப்பரை மட்டும் நம்ப முடியாது. குட்டைமூக்குக்குக் காதோரம் வெள்ளைக் கோடும் சின்ன வாலும் உண்டு; இதற்கு இரண்டும் கிடையாது. வெட்டுப்பற்கள் அதற்கு மேலே நான்கு, கீழே நான்கு. இதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. குகையில் தங்கும் ரூசெட்டஸ் என்ற இன்னொரு பழந்தின்னி வௌவாலுக்கு வெளியே தெரியும் வால் இருக்கும், நாக்கைச் சொடுக்கும் ஓசையும் கேட்கும். டார்ச்சை மறைத்துப் பிடித்து, வாய்க்குள் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்த மாணவர்களுக்கு எங்கள் முதல் நன்றி. அந்தப் பொறுமை இல்லாவிட்டால் எங்கள் பதிவேட்டிலும் 1948-ன் கதைதான் நடந்திருக்கும்.

பளியர் பெரியவர்களே, வௌவால் பிடிக்கும் மெல்லிய மிஸ்ட் வலையைக் குகை வாயில் கட்டக் கூடாது என்று நீங்கள் நின்ற பிடிவாதம் சரியானது. அங்கே கட்டினால் ஒரே நிமிடத்தில் பல வௌவால்கள் விழும், எடுக்கக் கை போதாது. சிக்கியது துடிக்கத் துடிக்க நூல் சிறகுச் சவ்வை அறுக்கும். நீங்கள் காட்டிய அத்தி மரத்துக்கு வௌவால் பறக்கும் வழியில் 9 மீட்டர் வலை ஒன்றுக்கு இரண்டு பேர் நின்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தோம். எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ அந்தப் பக்கமாக, முதலில் கால், பிறகு சிறகு என்று விடுவித்தோம். தூறல் விழுந்ததும் வலையைச் சுருட்டினோம். நனைந்த வௌவால் குளிரில் விறைத்துவிடும். சினையானதையும் குட்டி ஒட்டியிருந்ததையும் அளக்காமலே விட்டோம்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் வனக்காப்பாளர்களுக்கும் தனி நன்றி. குகையின் பெயரை எங்கும் எழுதாதது நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான். இரைப்புக்கு நல்லதென்று வௌவால் கறி தேடி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கறி நோயைத் தீர்க்காது. அதை அறுக்கும் கைக்குத்தான் ஆபத்து. பழந்தின்னிகள் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். குகைக்குள் புகை போனால் தாய்கள் பதறிப் பறக்கும், குட்டிகள் பாறையில் விழும். அந்த ஆண்டு ஈன்றதெல்லாம் ஒரே இரவில் போய்விடும். இந்த வௌவால் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சோதனைச் சாவடியில் சலிக்காமல் எடுத்துச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

ஏலத் தோட்டத்துக் கங்காணிகளே, கிளை வெட்டும் கவாத்து நாளில் அத்தி, இச்சி மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டு ஒதுக்கினீர்கள். மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் ஏதாவது ஓர் அத்தி பழுத்திருக்கும். சில்வர் ஓக் வரிசை நிழல் தரும், ஆனால் வௌவாலுக்கு அங்கே இரை இல்லை. வௌவால் பழத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். சிறு விதைகள் குடல் வழியாகச் சீக்கிரமே எச்சத்தில் விழுந்துவிடும். காட்டுக்கு அடுத்த அத்தி அப்படித்தான் முளைக்கிறது. இரவு ஜீப் ஓட்டியவர்கள் வளைவில் முகப்பு விளக்கை அணைத்ததால் வௌவால் கூட்டம் சிதறாமல் வெளியேறியது, எண்ணவும் முடிந்தது.

சுகாதார நிலையச் செவிலியர் அக்காமார் எல்லோருக்கும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே முடித்துவைத்தார்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே வரவேண்டும் என்று அவர்கள் எழுதித் தந்த அட்டை இன்னமும் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறது.

கடைசியாக, பிடித்த வௌவாலை வைக்கத் துணிப்பை தைத்துத் தந்த, தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டு அக்காக்கள். ஒரு வௌவாலுக்கு ஒரு பை, துவைக்காமல் மறுபடி கூடாது. தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்று ஒருமுறைதான் சொன்னோம். உள்ளே தொங்கும் ஒரு நூல் போதும், நகம் மாட்டிக்கொள்ளும். ஒரு பையிலும் நூல் தொங்கவில்லை. பையோடு எடைபோட்ட வௌவாலை எடுத்தபின் பையை மறுபடி எடைபோட வேண்டும், உள்ளே எச்சம் கிடக்கும் என்று நினைவூட்டியதும் நீங்கள்தான். பைகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறோம். அடுத்த கணக்கெடுப்புக்கும் அவைதான்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்