பரணில் கிடக்கும் குரல்களுக்கு ஒரு குளிர்ந்த அறை வேண்டும்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று நம் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைப் பங்காளிகள் ஒருவழியாகக் கூடிப் பேசிக் காலி செய்யும்போது, தூணும் கதவும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. அவற்றுக்கு விலை உண்டு. கிராமபோன் தட்டு, ஸ்பூல் டேப், தகர டப்பாவில் சுருட்டி வைத்த பிலிம், இதற்கெல்லாம் விலை இல்லை. குழாய் வைத்த கிராமபோன் பெட்டியை ஆசையாகத் தேடி வருகிறவர்கள்கூடத் தட்டை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி யாருக்கும் வேண்டாதவைதான் நம் நூலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. புத்தக அலமாரிக்குப் பின்னால் மேற்குப் பார்த்த ஓர் அறையில் அடுக்கியிருக்கிறோம். சித்திரை வெயிலில் அங்கே மனிதர்களே உட்கார முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்: இவற்றைக் காக்க ஒரு குளிர்ந்த அறை கட்டமைக்கவும், பிரதி எடுக்கவும் 18 லட்சம் ரூபாய் வேண்டும். ஐந்து லட்சம் சேர்ந்திருக்கிறது. மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகள், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும். சில உறைகளில் ரங்கூன் கடை முத்திரை, சிலவற்றில் பினாங்கு. சரஸ்வதி ஸ்டோர்ஸ் தட்டுகளும் உண்டு. அந்தத் தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போன ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், போர்க்காலத்தில் ஸ்டுடியோவையே இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் போட்டவர், 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம் என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் குரலை இன்று கேட்க முடிகிறது என்றால் தட்டு ஒன்றுதான் காரணம்.

தட்டாவது பரவாயில்லை, கீழே போட்டு உடைக்காதவரை தாங்கும். டேப்தான் வம்பு. கம்பன் விழாப் பேச்சு என்று பென்சிலில் எழுதிய ஒரு ஸ்பூலை ஓட்டினோம், கொஞ்ச நேரம் நன்றாகப் போனது, பேச்சாளர் ஒரு பாட்டைப் பாதி சொல்லியிருக்கும்போது கிறீச்சென்று கத்தி நின்றுவிட்டது. மிஷினைத் திறந்தால் ஹெட்டில் பழுப்பாக ஒரு பிசின். டேப்பில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை இழுத்து இப்படி ஆகிவிடுகிறது. ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் பதமாகச் சுட வைத்தால் சில வாரங்களுக்குச் சரியாகும். அந்த இடைவெளியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் குறைவு, ஸ்பூல் மிஷினுக்கு உதிரிபாகம் கிடைப்பது அதைவிடக் குறைவு.

பிலிம் டப்பாவைத் திறந்தால் சிலவற்றில் காடி வாடை அடிக்கிறது. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளம். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது, குளிரிலும் வறட்சியிலும் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவே. எங்கள் மேற்கு அறையோ வேகத்தைக் கூட்டுகிறது.

இதுவரை எது பிழைத்தது, எது போனது என்று பார்த்தால் எல்லாம் அதிர்ஷ்டத்தின் கணக்காகவே இருக்கிறது. நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் ‘கீசக வதம்’ இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. மலையாள நாவலை வைத்து எடுத்த மௌனப் படம் ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் தப்பியது, அதுவும் நாவலைப் பதிப்பித்தவர்கள் வழக்குப் போட்டதால் பிரதி அவர்களிடமே கிடந்துவிட்டது! நம் கோட்டையூர் ஏ.கே. செட்டியார் நாடு நாடாக அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்து 1940-இல் வெளியிட்ட காந்தி ஆவணப்படத்தின் கதை இன்னும் மனதைப் பிசைகிறது. அதன் ஆங்கில வடிவம் பல காலம் கழித்து அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. கோட்டையூர்க்காரர் எடுத்த படத்தை அங்கே போய்த் தேட வேண்டியிருந்தது.

‘எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிட்டால் முடிந்ததே, அறை எதற்கு’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்டு டிஸ்க்கும் சில வருடங்களில் படுத்துவிடும், அதனால் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் என்று வைக்க வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும். மூலம் கையில் இருந்தால் நாளை இதைவிட நல்ல கருவி வரும்போது மறுபடி எடுக்கலாம். ஆகவே முதல் செலவு அறைக்குத்தான்: ஜன்னலை அடைத்து, சுவருக்கு வெப்பத்தடுப்பு கொடுத்து, ஏசியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் மின்சாரம் போனால் தாங்கும் ஏற்பாடும் செய்ய எட்டு லட்சம். ஸ்பூல் மிஷின் பழுது, 78 தட்டுக்கான அகலமான ஊசியோடு டர்ன்டேபிள், பதிவுக் கருவி, டிஸ்க்குகள் நான்கு லட்சம். பிலிம் ஸ்கேனிங் வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு மூன்று. மீதி மூன்று, பயிற்சி பெற்ற ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம். கல்வெட்டில் பெயர் போடச் சொல்லி யாரும் கேட்காதீர்கள், அந்தக் காசுக்கு இரண்டு டிஸ்க் வாங்கிவிடலாம்.

கேட்பதற்கு வைக்காமல் பூட்டி வைப்பதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அது முடிந்து, பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமையும் முடிந்தவற்றை இணையத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி ஏற்றுவோம். மற்றவற்றை நூலகத்துக்கு வந்து ஹெட்போனில் கேட்கலாம். வீட்டுக் கல்யாணம், மணிவிழாப் படங்களை அந்தந்தக் குடும்பம் சரி என்றால் மட்டுமே காட்டுவோம்; வேண்டாம் என்றால் பிரதி எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

பணத்தை நூலக முகப்பு மேசையில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வெளியூர்க்காரர்கள் நூலகக் கணக்குக்கே அனுப்பலாம்; தனி ஆள் கணக்குக்கு யார் கேட்டாலும் போட வேண்டாம். ஐந்நூறும் சரி, ஐம்பதாயிரமும் சரி. 80ஜி-க்கு விண்ணப்பித்திருக்கிறோம், வரும்வரை வரிவிலக்கு உண்டு என்று சொல்ல மாட்டோம். வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது இருந்தால் தயவுசெய்து தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். டேப்பை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஆச்சிமார் தனியாக இருக்கும் வீடுகளில் ஏணி வைத்து இறக்க எங்களிடம் பையன்கள் இருக்கிறார்கள், சொல்லி அனுப்பினால் போதும்.