ஜீப்பை இரும்புக்குப் போட வேண்டாம், அப்பா

ஹாமில்டன், கனடா
பிப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, அக்கா, மச்சான், தம்பி அருள், பிள்ளைகள் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

அக்காவின் கையால் நீங்கள் எழுதுவித்த கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. போனில் பேசும்போதெல்லாம் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதைக் கடிதத்தில் மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்தபோதே, விற்பதற்கு உங்களுக்கு மனமில்லை என்று தெரிந்துகொண்டேன். பாம்பனிலிருந்து பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார், மச்சான் புதிதாகக் கட்டும் அறைக்கு அந்த இடம் தேவைப்படுகிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம் என்பதே என் எண்ணம். காரணங்களை விரிவாக எழுதுகிறேன். மச்சானுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மாவிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். யாருடனும் அதிகம் பேசாதவர். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று டின்னின் மேலேயே எழுதி அடுக்கி வைப்பவர். அவருடைய கராஜில் 1980களின் தொடக்கத்தில் வந்த டொயோட்டா லேண்ட் க்ரூசர் ஒன்று நிற்கிறது. 3.4 லிட்டர் டீசல் என்ஜின், நான்கு சக்கரமும் இழுக்கும். நம்முடைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பைவிடப் பெரிய வண்டியானாலும் கட்டுமானம் ஒன்றுதான்: வண்டியைத் தாங்கும் ஏணி வடிவ அடிச்சட்டமான சேஸ், பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்சில். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு எங்கும் போக வேண்டிய வேலை இல்லாததால், காலையிலேயே அவருக்கு விளக்குப் பிடிக்கப் போய்விடுகிறேன்.

இந்த ஊரில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கலந்த நீர் எளிதில் உறையாது என்பதால் பனிக்கட்டி இளகி, வண்டிகள் வழுக்காமல் போகின்றன; ஆனால் அந்த உப்பு நீரே சேஸின் உட்புறத்தில் தங்கி இரும்பைத் தின்றுவிடுகிறது. நம் ஊரில் கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று கொண்டுவந்து பூசுகிற உப்பும், தனுஷ்கோடிக் கரையில் ஈர மணலில் ஓட்டிய காலத்தில் அடியில் ஏறிய உப்பும் நம் வண்டிக்குச் செய்ததைத்தான் இங்கே சாலையே செய்கிறது. பெரியவர் வெளியில் தெரியும் பெயின்ட்டை நம்புவதே இல்லை. சிறிய சுத்தியலால் சேஸை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடத்தில் ஓசை அடங்கிவிடும். பின்சக்கரத்துக்கு அருகே ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில், பெயின்ட் பளபளத்துக்கொண்டிருந்த ஒரு பகுதியை அவர் திருப்புளியால் அழுத்தியபோது, அப்பளம் நொறுங்குவது போலத் துரு அடுக்கடுக்காக என் கையில் உதிர்ந்தது. அவர் கலங்கவில்லை. கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு வளைத்து வெல்டிங் வைத்து, சேஸின் உள்ளே எண்ணெயும் பீய்ச்சி அடித்தார். அந்த இடம் இப்போது மற்ற இடங்களைவிட உறுதியாக இருக்கிறது.

நம் வண்டியின் தலையெழுத்தையும் சேஸைத் தட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மட்கார்டும் தரைத் தகடும் ஓட்டையாகிவிட்டதைப் பார்த்துத்தானே இரும்புக்காரர் விலை சொல்லியிருப்பார்? அவற்றை ராமநாதபுரத்தில் எந்த டிங்கர் பட்டறையிலும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். தம்பியிடம் சொல்லி, முதலில் வண்டியின் அடிப்பகுதியையும் சேஸின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் அலசச் சொல்லுங்கள். நம் கிணற்று உவர்நீர் வேண்டாம். லாரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு டிரம் பிடித்து வைத்தால் போதும். காய்ந்த பிறகு தட்டிப் பார்த்து, ஓசை மாறும் இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பட்டும். ஓட்டையின் மேல் பட்டிப் பசை பூசி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் துரு அடுத்த மழைக்குள் வெளியே வந்துவிடும்.

இத்தனை காலம் நின்ற என்ஜினை, பேட்டரி மாட்டி உடனே சுற்றிவிடவும் கூடாது. ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, பிறகு என்ஜினின் முன்பக்கத்துக் கிராங்க் புல்லியைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்கில் கிடக்கும் பழைய டீசலை முழுவதும் இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் அடைந்த காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். டீசலைப் பீய்ச்சும் நாஸில்களையும் டீசல் பம்பையும் மதுரைக்கு அனுப்பிச் சோதித்து வாங்குவது நல்லது. இந்த 2112 சி.சி. பியூஜோ என்ஜினில் கம்ப்யூட்டர் ஏதும் இல்லை. சகாயம் மாமா கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிடுவார். ஆனால் மார்ச் மாதத்துக்குள் அவரைப் பிடித்துவிட வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகு என்ஜின்களே அவருக்குச் சரியாக இருக்கும்.

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாள். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. டொராண்டோவிலிருந்து வரும் நண்பர் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து கொடுத்தார். வீட்டுக்காரருக்கு அந்த வாசனை ஆகாது என்பதால், பெரியவரின் கராஜிலேயே சிறிய காஸ் அடுப்பில் வறுத்தேன். முதலில் தள்ளி நின்று பார்த்தவர், பிறகு ரொட்டியோடு வைத்து நான்கைந்து தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். குளிரைப் பற்றியும் அம்மா கவலைப்பட வேண்டாம். அவர் தம்முடைய பழைய கோட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார். அது முழங்கால் வரை வருகிறது, புதிது வாங்கும் தேவையே இல்லாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்தோம். வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. இந்தக் குளிரில் டீசலே மெழுகு கட்டிவிடும் என்பதால் இங்கே குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள். இரவெல்லாம் என்ஜின் பிளாக்கைச் சூடாக வைத்திருக்க ஒரு ஹீட்டர் உண்டு, அதன் ஒயர் வண்டியின் முன்பக்கம் தொங்கும். பெரியவர் சாவியைப் பாதி திருப்பிப் பிளக்குகள் சூடாகக் காத்திருந்தார். நான் என்னை அறியாமலே ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு, ஐஸ் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் என்னை மடியில் வைத்துக்கொண்டு, "இருபது வரைக்கும் எண்ணுடா, அப்பத்தான் வண்டி எந்திரிக்கும்" என்று நீங்கள் சொல்வீர்களே. அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் நான் இருபது சொல்லி நிறுத்தும்வரை சாவியைத் திருப்பாமல் இருந்தார். என்ஜின் பிடித்து, அந்தப் புகையும் டகடகவென்ற சத்தமும் கராஜை நிறைத்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அப்பா. பனியில் வெளியே போய் நின்றேன். முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிய, அங்கே டயர் காற்றைக் குறைத்து, ஃபோர் வீல் போட்டு, இரண்டு பக்கமும் கடல் தெரியக் கம்பிப்பாடு வரை போவோமே, அந்த விடியலைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. எங்கள் படிப்புக்கும் அக்கா கல்யாணத்துக்கும் அதுதான் உழைத்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததும் ஆட்டோவே அங்கே போகத் தொடங்கிவிட்டது. வண்டிக்கு வேலை போனதே தவிர, வண்டி கெடவில்லை.

மச்சானின் அறைக்கு இடம் வேண்டும் என்பது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. சித்தப்பா தோப்பில் பம்ப் செட் கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. கடலுக்குச் சற்று உள்ளே தள்ளியும் இருக்கிறது. டிராக்டர் வைத்து அங்கே இழுத்துச் சென்றுவிட்டால் அறை வேலையும் நிற்காது. வள்ளத்தைக் கரையேற்ற ஒவ்வொரு முறையும் டிராக்டருக்கு வாடகை கொடுத்து வருகிறோம்; ஜீப் எழுந்துவிட்டால் அந்த வேலையை அதுவே செய்யும் என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

செலவை மொத்தமாகச் செய்ய வேண்டியதில்லை. முதலில் சேஸ், பிறகு என்ஜின், ஓடத் தொடங்கிய பிறகு பாடி என்று பிரித்துக்கொள்வோம். அதற்கு உரியதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதச் சீட்டுப் பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும். வேலையிடத்தில் ஷிப்ட் நேரங்களை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அக்காவிடம் சொல்லிச் சீட்டுக்காரரைச் சமாளித்துக்கொள்ளுங்கள். வளையலை எங்கும் கொண்டுபோக வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தம்பிக்கு ஒரு வேலை. ஆர்.சி. புத்தகம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரப் பையோடு இருக்கும். ஐந்தாண்டுப் புதுப்பித்தல் எந்தத் தேதியோடு முடிந்திருக்கிறது என்று பார்த்து, கட்ட வேண்டியது எவ்வளவு என்று ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து எழுதட்டும். சேஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கிரைண்டர் வைப்பதற்கு முன்பே, காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்துவிட வேண்டும்; நம்பர் அழிந்துபோனால் பிறகு ஆர்.டி.ஓ. சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட முடியாது. முன் ஆக்சில் ஆயில் சீல்களின் அளவையும் எழுதி அனுப்பினால், மதுரைக் கடையில் என் நண்பன் மூலம் வாங்கித் தருகிறேன். ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்குள் வண்டி நகர்ந்துவிட்டால் எனக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்