விக்டோரியா பொது மன்ற மேடையைத் தமிழ் நாடகக் குழுக்களுக்கு வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
தமிழ் நாடகக் கலைஞர்கள் மற்றும் ஆர்வலர்கள்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: விக்டோரியா பொது மன்றத்தில் சுகுண விலாச சபையின் வரலாற்றைப் பதிவு செய்வதும், நாடகத்துக்கு மாலை நேரங்களை ஒதுக்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். பராமரிப்பின்றிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த விக்டோரியா பொது மன்றத்தைச் சீரமைக்கும் வேலையை மாநகராட்சியே கையில் எடுத்ததற்கு முதலில் எங்கள் மனமார்ந்த நன்றி. ஊர்ப் பெரியவர்களின் நன்கொடையில் எழுந்த கட்டடம் அது. கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டியது. சிவப்புச் செங்கல் சுவரும், திருவிதாங்கூர் பாணிக் கூரை போட்ட சதுரக் கோபுரமும், மரத்தாலான பால்கனியும் பழுதில்லாமல் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

அந்தக் கட்டடத்துக்குள் வளர்ந்த ஓர் அமைப்பைப் பற்றித்தான் இந்த மனு. தெலுங்கு நாடகாசிரியர் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னைக்கு வந்து போட்ட நாடகங்களைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார், 1891-ல் நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகக்காரனைக் ‘கூத்தாடி’ என்று ஒதுக்கி வைத்த காலம் அது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி, ஸ்திரீ வேஷமும் கட்டி, இதே மேடையில் ஏறினார்கள். விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் சுருங்கியதிலும் சம்பந்த முதலியாருக்குப் பெரும் பங்குண்டு. சபையில் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகத்தில் மனோகரனாக நடித்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, 1939-ல் சென்னை மாநகராட்சியின் மேயரானார். தங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி இது.

பல்லாண்டுகள் இம்மன்றத்தில் இயங்கிய சபை, 1930-களில் மவுண்ட் ரோட்டில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. நாளடைவில் நாடகம் குறைந்து, அது மனமகிழ் மன்றமாகிவிட்டது. விக்டோரியா பொது மன்றத்திலும் நாடகம் நின்று போனது.

இன்று எங்களைப் போன்ற குழுக்கள் வேலை முடிந்து வந்து, கிடைத்த வகுப்பறையிலோ மொட்டை மாடியிலோ ஒத்திகை பார்க்கிறோம். அரங்க வாடகையும் லைட், மைக் செலவும் டிக்கெட் வசூலை விழுங்கிவிடுகின்றன. ஒரு நாடகத்தை இரண்டாம் முறை போட யோசிக்க வேண்டியிருக்கிறது. நல்ல நாடகங்கள் ஒரே காட்சியோடு முடிந்து போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே, மாதத்தில் சில மாலைகளையாவது அமெச்சூர் தமிழ் நாடகக் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் மன்றத்தில் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பழைய கட்டடம் தாங்கும் அளவுக்கு ஒலி, ஒளி, ஆட்கள் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மாநகராட்சி என்ன விதி வகுத்தாலும் கட்டுப்படுவோம். சபையின் வரலாற்றையும் சம்பந்த முதலியாரின் பணியையும் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று வாசலருகே இடம்பெற ஆவன செய்யவும் வேண்டுகிறோம்.

இது குறித்து நேரில் விளக்க ஒரு நாள் குறித்துக் கொடுத்தால், குழுக்களின் பிரதிநிதிகள் வந்து சந்திக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ் நாடகக் கலைஞர்கள் மற்றும் ஆர்வலர்கள்