பைக் ஆயில் டப்பாவில் தமிழிலும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் போன வாரம் வந்த குறிப்பைப் படித்துவிட்டு எழுதுகிறேன். பைக்கில் கியர் இறுக்கமாக இருந்தால், கார்களுக்குப் போடும் விலை உயர்ந்த முழு சிந்தெடிக் (செயற்கை) ஆயிலை ஊற்றிப் பாருங்கள், கியர் வழுக்கிக்கொண்டு விழும் என்று போட்டிருந்தீர்கள். கியர் வழுக்குகிறதோ இல்லையோ, கிளட்ச் வழுக்க வாய்ப்பு நிறைய. நான் போடிநாயக்கனூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிறேன். பக்கத்திலேயே என் வீட்டுக்காரர் பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பைப் போனில் படம் பிடித்து வந்து, "அக்கா, இந்த ஆயில் இருக்கா?" என்று கேட்பவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காரில் எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில். சாதாரண கியர் காரில் கிளட்ச் தட்டு ஆயில் படாமல் காய்ந்த இடத்தில் இருக்கும். நம் ஊரில் ஓடும் ஸ்பிளெண்டர், பல்சர் போன்ற பைக்குகளில் ஒரே ஆயில்தான் பிஸ்டனையும் பார்க்கிறது, கியர் பற்களையும் பார்க்கிறது, கிளட்ச் தட்டுகளும் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன. (பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வேறு கதை. அதில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் இருக்கும் செயின் கேஸ் மூன்றுக்கும் தனித்தனியாக ஊற்ற வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் யாரிடமும் ஆலோசனை கேட்பதில்லை, நமக்குத்தான் சொல்வார்கள்.) காருக்கான மெல்லிய ஆயில்கள் பலவற்றில், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். எஞ்சினுக்கு அது நல்லது. கிளட்ச் தட்டுகளுக்கோ உராய்வுதான் பிழைப்பே. ஒன்றையொன்று கவ்வினால்தான் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகும். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு கிணற்றுக் கயிறு இழுத்தால் எப்படி இருக்கும்?

தேனிக்கும் போடிக்கும் நடுவே சமதளத்தில் ஓட்டினால் இது சீக்கிரம் தெரியாது. போடிமெட்டு ஏறும்போது தெரியும். 17 கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஒரு ஆள், டேங்க் மேல் ஒரு மூட்டை, இரண்டாவது கியர். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, கருகின வாடை வருகிறது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் கணக்கப்பிள்ளைகளும் வேலையாட்களும் இப்படித்தான் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்களுக்குப் போன் செய்கிறார்கள். மேட்டில் பாதி கிளட்ச் பிடித்தே ஏற்றுகிற பழக்கமும் இதில் சேரும்தான். ஆனால் ஆயிலை மாற்றிய கொஞ்ச நாளிலேயே இப்படி ஆனால் முதலில் டப்பாவைத்தான் பார்க்க வேண்டும்.

டப்பாவில் எதைப் பார்ப்பது? பின்பக்கத்தில் ஜாசோ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அது ஜப்பான்காரர்கள் வகுத்த தரம். அதில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் கிளட்ச் கவ்வும், கியர் பைக்குக்கு ஊற்றலாம். எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. ஆக்டிவா மாதிரி பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே கவலை இல்லை. எம்.ஏ. ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றிவிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். எம்.பி.யை பைக்கில் ஊற்றுவதுதான் வம்பு. சிந்தெடிக் என்றாலே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. எம்.ஏ.2 தரத்திலேயே நல்ல சிந்தெடிக் ஆயில்கள் வருகின்றன, நானே விற்கிறேன்.

அடுத்தது அந்த எண்கள். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது, அது சிறியதாக இருந்தால் நன்றாக ஓடும். இரண்டாவது எண், சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. ஸ்பிளெண்டருக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30. இப்போதைய புல்லட்டுக்கு 15டபிள்யூ-50. "கெட்டி ஆயில் ஊத்துனா எஞ்சின் நிக்கும்" என்று நம்பி ஸ்பிளெண்டரில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். வெயில் காலத்தில் போடியிலேயே ஓட்டினால் ஏதோ சமாளிக்கும். மார்கழி காலையில் மேலே மலையில் பூப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வண்டியை எடுத்துப் பாருங்கள். கிளட்சைப் பிடித்தாலும் தட்டுகள் பிரியாது, நடுவே இருக்கும் கெட்டி ஆயில் அவற்றை ஒட்டவைத்திருக்கும். முதல் கியர் டக்கென்று விழுந்து வண்டி முன்னால் தாவும். நியூட்ரல் சிக்கவே சிக்காது. எஞ்சினைப் போடும் முன் வண்டியைக் கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டினால் தட்டுகள் விடும். சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் ஆயில் கோளாறு, கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் கொஞ்சம் யோசித்து வண்டியைக் கொடுங்கள். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் முறைப்பார், பரவாயில்லை.

ஆயிலால் தீராத கோளாறுகளும் உண்டு. கிளட்ச் லீவரில் கொஞ்சம்கூட லூசு இல்லாமல் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தால் கிளட்ச் தேயும், மிகவும் லூசாக இருந்தால் கியர் விழாது. லீவர் முனையில் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட இருந்தாலும் சரி, ஆட்டம் இருக்க வேண்டும். கேபிள் இழை பிரிந்திருந்தாலும் கியர் கடிக்கும். அப்புறம் செயின் தொங்குவது, ஐடிலிங்கை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) அதிகமாக வைத்திருப்பது. தட்டுகள் உட்காரும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் தட்டுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் எந்த ஆயிலும் உதவாது. இரண்டாவது கியர் போட்டதும் தானே தெறித்து வெளியே வருகிறது என்றால் உள்ளே பல் தேய்ந்தோ கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தோ இருக்கும். அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆயில் அளவைப் பார்க்கும் விதமும் பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் அப்படியே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வாங்கிய டப்பாவைக் காசு கொடுத்தாயிற்று என்று அளவு பார்க்காமல் கடைசிச் சொட்டு வரை கவிழ்ப்பதும் தப்பு.

லூஸ் ஆயில் பற்றியும் ஒரு வார்த்தை. பேரலில் இருந்து மக்கில் பிடித்து எல்லா வண்டிக்கும் ஊற்றும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அதில் என்ன தரம், என்ன எண் என்று யாருக்கும் தெரியாது. காலி டப்பாக்களை நல்ல விலைக்குக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. பழைய இரும்பு, பிளாஸ்டிக் விலைக்கு மேல் ஒருவர் கொடுக்கிறார் என்றால் எதற்கென்று ஊகிக்கலாம். எங்கள் கடையில் டப்பாவைக் குத்திக் கிழித்துத்தான் குப்பையில் போடுகிறோம். வாங்குகிறவர்களும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

ஆயில் கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். டப்பாவின் முன்பக்கத்தில் பந்தயப் பைக் படம் போடும் இடத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு, "கியர் பைக்குக்கு", "ஸ்கூட்டருக்கு மட்டும்", "காருக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் தமிழில் போடுங்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பின்பக்க ஆங்கிலப் பொடி எழுத்து எட்டாது. கண்ணாடி போட்டாலும் எட்டாது. நிறத்தையும் விலையையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் குறிப்பைப் படித்து ஏற்கெனவே கார் ஆயில் ஊற்றிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம் என்றும் போட்டுவிடுங்கள். உடனே அதை இறக்கிவிட்டு எம்.ஏ. தர ஆயில் ஊற்றி ஓட்டட்டும். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை மாற்றினால் பெரும்பாலும் கிளட்ச் பழையபடி பிடித்துக்கொள்ளும். தட்டு கருகிப்போயிருந்தால் மட்டும் மாற்றத்தான் வேண்டும். திருத்தம் போடுவதென்றால், குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் வாசகி,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.